ரிசர்வைத் தொடாமல் இறங்குவது

ஒரே டிக்கெட்டில் ரெண்டு ஊர் பார்த்த கதையை நீங்கள் ரெண்டு பேரும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டீர்கள். பூனாவில் ஏறினோம், சென்னையில் இறங்கினோம், அப்புறம் பெங்களூருக்கு வந்தோம் என்று சின்னவன் கையை விமானம் மாதிரி வைத்துக்கொண்டு சொல்லும்போது ஜீவனஹள்ளியில் நம்ம சந்து முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் மேலே நடந்தது மட்டும்தான் இருக்கிறது. நீங்களும் அம்மாவும் மேலே இருந்தபோது கீழே நின்றவன் நான். அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

"அப்பா ஏர்போர்ட்ல வேலை" என்று ஸ்கூலில் சொல்கிறீர்கள். நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். ஏர்போர்ட் கண்ட்ரோலில் வேலை செய்கிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய், ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. கண்ட்ரோல் என்றால், வானத்தில் வருகிற விமானத்தோடு ரேடியோவில் பேசி, நீ இந்த உயரத்தில் வா, நீ அந்தப் பக்கம் திரும்பு, இப்போது இறங்கு என்று சொல்கிறவர்கள். சிக்னலில் டிராஃபிக் போலீஸ் கை காட்டுகிற மாதிரிதான். ஆனால் அங்கே யாராலும் பிரேக் போட்டு நிற்க முடியாது. விமானம் நின்றால் விழுந்துவிடும். காத்திருக்கச் சொன்னாலும் சுற்றிக்கொண்டேதான் காத்திருக்க வேண்டும். சுற்றச் சுற்ற எண்ணெய் குறையும். அன்றைக்கு நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு விஷயத்தால்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு மேடம் என் வண்டியில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். ரொம்ப காலத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கன்னடம், போனில் இங்கிலீஷ். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். வேலை முழுக்கப் பேச்சு என்பதால் வண்டியில் அதிகம் பேச மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அவர் எதையாவது சொல்லி நான் "சரி மேடம்" என்றால் விட மாட்டார்.

"சரின்னா என்ன சரி? சொல்லுங்க அண்ணா."

"நாளைக்கு சர்ச் கிட்ட நிக்கணும், வீட்டு வாசலுக்கு வரக் கூடாது."

"ஆங், இப்ப சரி."

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா? அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னார், பைலட்டுகளும் இப்படித்தான் என்று. கண்ட்ரோலில் இருந்து என்ன சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சரி என்கிற வார்த்தை எதைக் கேட்டாலும் வாயில் வரும். காதில் என்ன விழுந்தது என்று அதில் தெரியாது. திருப்பிச் சொன்னால்தான் தப்பாகக் கேட்டிருந்தால் பிடிக்க முடியும் என்றார். அதற்கப்புறம் நானும் கேட்காமலே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன்.

மே மாத லீவில் நீங்கள் பூனாவில் மாமா வீட்டில் இருந்தீர்கள். போகும்போது ரயில். வரும்போது மாமா பிடிவாதமாக விமான டிக்கெட் போட்டுவிட்டார். உங்கள் அம்மாவுக்கு அது முதல் தடவை. முந்தின நாளிலிருந்தே போனில் ஒரே புலம்பல். "பஸ்லயே வந்துடறேனே, என்ன இப்போ?" நான்தான் சொன்னேன், தினமும் நூறு விமானம் இறங்குவதைப் பார்க்கிறேன், நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவாய் என்று.

மேடத்துக்கு அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட் முடிகிற நேரமும் உங்கள் விமானம் வருகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. கேட்டுப் பார்த்தேன். "குழந்தைங்களை வச்சிக்கிட்டு பஸ்ஸுக்கு எங்க நிப்பாங்க? நான் வெயிட் பண்றேன், எல்லாரும் ஒண்ணா போயிடலாம்" என்றார். காலையில் சீட் கவரைக்கூடத் துவைத்துப் போட்டிருந்தேன்.

மூன்று மணி வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில். அப்புறம் நந்தி மலைப் பக்கம் கறுத்தது. நம்ம ஊர் மே மாத மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் காற்று, அதோடு மண், பறக்கிற பிளாஸ்டிக் கவர், அப்புறம் ஒரே கொட்டு. ஸ்டாஃப் பார்க்கிங்கில் நின்றிருந்த டிரைவர்கள் எல்லாம் அவரவர் வண்டிக்குள் ஓடினார்கள். ஆலங்கட்டி விழுந்து கூரையில் யாரோ கல்லெறிகிற மாதிரி சத்தம். எதிரே நிற்கிற வண்டியின் நம்பர் தெரியவில்லை.

குடை மேல் பக்கமாகத் திரும்பிக்கொள்ள, மேடம் நனைந்துகொண்டே ஓடிவந்து பின் சீட்டில் ஏறினார்.

"இங்கயே இருங்க அண்ணா. இப்ப யாரும் இறங்க மாட்டாங்க. மழை நேரா ரன்வே தலை மேல நிக்குது. வர்றவங்களை எல்லாம் ஹோல்ட்ல போட்டாச்சு."

ஹோல்ட் என்றால் சுற்றச் சொல்வது. ஒரே இடத்துக்கு மேலே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மாடி வீடு மாதிரி உயரத்தைப் பிரித்துக் கொடுத்து, எல்லாரும் அவரவர் மாடியில் சுற்ற வேண்டும். கீழ் மாடி காலியானால் மேல் மாடிக்காரர் ஒரு மாடி இறங்குவார். என் போனில் விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் இருந்தது. திறந்து பார்த்தேன். உங்கள் விமானம் துமகூரு பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் பொம்மையாக இருந்தது. அது போன வழி கோடாக விழுந்திருந்தது. ஓட்டப்பந்தய மைதானத்தின் கோடு மாதிரி நீட்டமாக, வளைந்து, திரும்ப நீட்டமாக. ஒரு சுற்று, அதன் மேலேயே இன்னொரு சுற்று, இன்னொன்று.

போனைப் பின்னால் நீட்டினேன். மேடம் பார்த்தார்.

"இதுலயா வராங்க?"

"ஆமா மேடம். மூணு பேரும்."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக். என்னோடு ஓட்டுகிற ஒருத்தன், கன்னடம், தக்னி உருது, தமிழ் மூன்றையும் கலக்கி அடிப்பானே, நம்ம வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவந்தானே, அவன்தான். தலையில் உரச் சாக்கை முக்காடு போட்டிருந்தான். கண்ணாடியை இறக்கினால் மழைச் சாரலோடு அவன் சிரிப்பும் உள்ளே வந்தது. அவனுக்கு எல்லாரும் குருதான்.

"குரு, கேட்டியா மேட்டரு? மேல ஒரு ஃப்ளைட்ல பெட்ரோல் காலியாம்! குரூப்புல வந்துச்சு. மேல எங்க குரு பங்க்கு இருக்கு? எல்லாரும் இறங்கித் தள்ளுங்கன்னு சொல்லுவானா?"

சொல்லிவிட்டுப் பின் சீட்டைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நமஸ்காரா மேடம்."

"யாரு சொன்னது?" என்றார் மேடம்.

"குரூப்புல மேடம். லோடிங்ல இருக்கிற ஒருத்தன் போட்டான்."

"காலின்னு அவன் சொன்னானா, நீங்க சொல்றீங்களா? அவன் சொன்ன வார்த்தை எனக்கு வேணும். போடுங்க."

போனைத் தடவித் தடவி வாய்ஸ் மெசேஜைப் போட்டான். மழைச் சத்தத்தில் யாரோ கன்னடத்தில் பேசினார்கள். "யாவுதோ ஃப்ளைட்டு மினிமம் ஃப்யூல் அந்த ஹேளிதானந்தே." ஏதோ ஒரு விமானம் மினிமம் ஃப்யூல் என்று சொல்லிவிட்டதாம்.

நம்ம பிழைப்பில் மினிமம் என்றால் என்ன? ஆட்டோ மீட்டரில் மினிமம் சார்ஜ். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது, அதுதான் அடி. அப்படியென்றால் டேங்கில் அடி தெரிகிறது என்றுதான் எனக்குப் பட்டது. என் முகத்தைப் பார்த்து அவன், "ஏன் குரு, என்ன ஆச்சு?" என்றான். நான் மேடம் கையிலிருந்த போனைக் காட்டினேன்.

"அரே... உன் ஃபேமிலியா? ஐயோ குரு, கொத்திரலில்லா. தெரியாம உளறிட்டேன். என் வாயில மண்ணு." சாக்கை இழுத்துக்கொண்டு மழையில் போனான். கொஞ்ச நேரத்தில் பேப்பர் கப்பில் மூன்று டீயோடு வந்தான். பாதிக்கு மேல் மழைத் தண்ணீர். அதைக் குடித்தது எனக்கு நினைவில்லை.

மேடம் முன்னால் சாய்ந்து பேசினார். "மினிமம்னா காலி இல்ல அண்ணா. கேளுங்க. எங்க ஸ்கிரீன்ல விமானத்தோட பேரு தெரியும். உயரம் தெரியும், வேகம் தெரியும். எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு மட்டும் தெரியாது. அது அவங்க மீட்டர்ல இருக்கு. அவங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்குன்னே ரெண்டு வார்த்தை வச்சிருக்கு. முதல் வார்த்தைதான் மினிமம் ஃப்யூல். இனி நான் வேற ஊருக்குப் போறதா இல்ல, இங்கதான் இறங்கப் போறேன், வரிசையில நிக்கறேன், ஆனா இதுக்கு மேல என்னை லேட் பண்ணீங்கன்னா ஆபத்தாயிடும்னு அர்த்தம். இன்னும் ஆபத்து வரல. வராம பார்த்துக்கோன்னு சொல்றது."

"சொன்னதும் உடனே இறக்கி விட்டுடுவீங்களா?"

"மாட்டோம். அவர் வரிசையிலதான் வருவார். ஆனா அவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு சரியா சொல்லணும். அவர் மேல ஒரு கண்ணு வச்சிக்கணும். அடுத்து வேற ஆள் டியூட்டிக்கு வந்தா அவங்க கிட்டயும் சொல்லிட்டுப் போகணும்."

எனக்கு வேறொரு பயம் வந்தது. நம்ம வீட்டில் யாராவது ஒன்றை நேராகச் சொல்லியிருக்கிறோமா? உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கும். எப்படி இருக்கிறது என்றால் "பரவாயில்ல" என்பாள். அந்த பைலட்டும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே. எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், நாம் மட்டும் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டால்?

"மேடம், எண்ணெய் கொஞ்சம் கம்மியா இருக்கு, பார்த்துக்கலாம் அப்படின்னு சொன்னா?"

"கொஞ்சம் எல்லாம் எங்க கிட்ட செல்லாது. கொஞ்சம்னா எவ்வளவு? மினிமம் ஃப்யூல்னு சொல்றியா, இல்லையான்னு நானே திருப்பிக் கேட்பேன். வேற வேற ஊர்க்காரங்க, வேற வேற பாஷை. கூச்சப்படுறவங்களும் இருப்பாங்க. அதனாலதான் இந்த வார்த்தையைத்தான் சொல்லணும்னு வச்சிருக்கு."

பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பொம்மை மைதானக் கோட்டை விட்டு வெளியே வந்திருந்தது. வளையவில்லை. நேராகப் போனது. ஏர்போர்ட்டை நோக்கி வரவும் இல்லை. ஊரைத் தாண்டி, கோலார் பக்கம், கிழக்கே.

"மேடம், எங்கயோ போகுது! போகுது பாருங்க!"

மேடம் மூச்சை விட்டார். "சென்னைக்குப் போறாரு. நல்லது. மினிமம் சொன்னது இவர் இல்ல. அப்படிச் சொல்லியிருந்தா இங்கயே இறங்குற முடிவுல நின்னிருப்பாரு, போயிருக்க மாட்டாரு."

அவர் நல்லது என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. பெரியவளே, நீயே யோசித்துப் பார். காலுக்குக் கீழே இருக்கிற ஊரில் இறங்கவே எண்ணெய் போதுமோ போதாதோ என்று இருக்கிறது. இதில் சென்னைக்கு எப்படிப் போவது? ஹொசூர் ரோடு, கிருஷ்ணகிரி, வேலூர் என்று நான் ஓட்டிப் போன ரோடெல்லாம் கண் முன்னால் ஓடியது. அவ்வளவு தூரம்! அதைத்தான் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன்.

மேடம் கோபப்படவில்லை. "கிளம்பும்போதே எண்ணெயைப் பங்கு பிரிச்சுத்தான் போட்டுட்டு வருவாங்க. பூனாவுல இருந்து இங்க வரைக்கும் ஒரு பங்கு. இங்க சுத்த வேண்டி வந்தா அதுக்குக் கொஞ்சம். இங்க இறங்க முடியலைன்னா அடுத்த ஊருக்குப் போக ஒரு பங்கு. அதெல்லாம் போக, கடைசியா அரை மணி நேரத்துக்கு ரிசர்வ். சுத்துறதுக்குன்னு வச்சது தீர்ந்துச்சு, கிளம்பிட்டாரு. சென்னைக்குன்னு வச்சதை அவர் இன்னும் தொடவே இல்ல. புரிஞ்சுதா?"

"சரி மேடம்."

"சரி வேணாம். சொல்லுங்க."

சொன்னேன். "சுத்துறதுக்கு வச்ச எண்ணெய் தீர்ந்துச்சு. சென்னைக்குப் போக எண்ணெய் இருக்கு. அதுவும் தீர்ந்தா ரிசர்வ்ல ஓட்டி இறங்கிடுவாங்க."

"இல்ல." ரேடியோவில் பேசுகிற குரல் அது. நான் அதுவரை கேட்டதில்லை. "தப்பு. ரிசர்வ்ல ஓட்ட மாட்டாங்க. ரிசர்வோட இறங்குவாங்க."

கேட்க ரொம்பச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் எனக்குப் புரியச் சிரமமாக இருந்தது. நீங்கள் நம்ம பழைய பைக்கைப் பார்த்திருக்கிறீர்கள். லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறும்போது டக் டக் என்று திணறும். நான் ஓட்டிக்கொண்டே குனிந்து குமிழைத் திருப்புவேன், திரும்ப ஓடும். அதுதான் ரிசர்வ். இந்த ஊரில் பாதிப் பேர் ரிசர்வில்தான் வேலைக்குப் போய் வருகிறோம். ரிசர்வ் வந்தால்தான் நமக்குப் பங்க் ஞாபகமே வரும். அது ஓட்டுவதற்கென்று இருக்கிற எண்ணெய்.

"நம்ம பைக்ல அப்படி" என்றார் மேடம். "அவங்களுக்கு ரிசர்வ்னா, சக்கரம் தரையில படும்போது டேங்க்ல அப்படியே இருக்கணும். தொடக் கூடாது. இறங்குறதுக்குள்ள அதுல கை வைக்க வேண்டி வரும்னு கணக்குல தெரிஞ்சா போதும், தொட்டுட்டுச் சொல்லக் கூடாது, அப்பவே சொல்லணும். அதுதான் ரெண்டாவது வார்த்தை. மேடே, மேடே, மேடே ஃப்யூல். மேடேன்னா ஆபத்து, காப்பாத்துங்கன்னு அர்த்தம். அதைச் சொல்லிட்டா அவர்தான் ராஜா. முன்னாடி யார் இருந்தாலும் ஒதுக்கிடுவோம். நேர் வழி கொடுப்போம். தீயணைப்பு வண்டி ரன்வே ஓரத்துல வந்து நிக்கும்."

சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாக டாஷ்போர்டைப் பார்த்தார். அங்கே டீசல் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உங்க வண்டி?"

"அது நேத்துல இருந்து எரியுது மேடம். இன்னும் ஓடும்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சுத்துறது தீர்ந்துச்சு, சென்னைக்கு இருக்கு, ரிசர்வ் அப்படியே இருக்கணும், அதைத் தொடப் போறாங்கன்னா மூணு தடவை மேடே. "ஆங். இப்ப சரி" என்றார்.

மழை குறைந்தது. மேடம் இறங்கி முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார், ரெண்டு பேரும் ஒரே போனைப் பார்க்க. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தால், நம்ம ஏர்போர்ட்டிலேயே ஒரு விமானம் இறங்குகிறது! தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. பின்னாலேயே இன்னொன்று.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா இவங்களும் இங்கயே இறங்கியிருக்கலாமே மேடம்!"

"அப்படி நினைச்சு இன்னொரு சுத்து சுத்துற ஆளைப் பார்த்தாதான் அண்ணா எனக்குப் பயம்" என்றார். "மழை எப்ப நிக்கும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணெய் எப்ப தீரும்னு தெரியும். தெரிஞ்சதை வச்சுப் போயிட்டாரு."

சென்னையை நெருங்கியதும் மஞ்சள் பொம்மை திரும்ப வளைந்தது. கடலுக்கு மேலே ஒரு வளைவு. அப்புறம் திரும்ப ஒரு நேர்கோடு. திரும்ப ஒரு வளைவு.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கழுத்து ஐடி கார்டின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"இங்க இருந்து போனவங்க நிறைய பேர். அங்க வரிசை" என்றார். "இப்ப அவர் சொல்லணும்."

"எதை?"

"முதல் வார்த்தையை. இனி வேற ஊர் இல்லையே. அங்க என்னை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பாங்க. இன்னும் எத்தனை நிமிஷம்னு அவங்க உண்மையைச் சொல்லணும். நம்ம ஊர்ல கே.ஆர். புரத்துல இருந்துக்கிட்டே ஹெப்பால் வந்துட்டேன்னு சொல்றோமே, அப்படிச் சொல்லக் கூடாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க மேடம். ஒரு தடவை."

"எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன் அண்ணா. தெரிஞ்சதைச் சொல்றேன். ரிசர்வ் இருக்கு. அதை யாரும் இன்னும் தொடல. தொட வேண்டி வந்தா சொல்ல வார்த்தை இருக்கு. சொன்னா வழி கிடைக்கும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? முன்பின் தெரியாத ஆட்டோக்காரன்கூட 'ஒண்ணும் ஆகாதுண்ணே' என்பான். போனோடு வண்டியை விட்டு இறங்கி மழைத் தண்ணீரில் நின்றேன். எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. எல்லாச் சாமியையும்தான். போனைப் பார்த்தால் பொம்மை அசையாமல் கடலுக்கு மேலேயே நின்றது. நிற்கக் கூடாதே! விமானத்தால் நிற்கவே முடியாதே என்று அலறினேன். மேடம் உள்ளிருந்து கத்தினார், "என் போன்லயும் நெட் போயிடுச்சு அண்ணா, அதான் நிக்குது. விமானம் நிக்கல." தட்டினேன், தடவினேன், அணைத்துப் போட்டேன். வெறும் வட்டம் சுற்றியது.

பைலட் அந்த வார்த்தையைச் சொன்னாரா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. அந்த நேரம் மட்டும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

போன் அடித்தது. உங்கள் அம்மா.

"ஏங்க, இறங்கிட்டோம். நீங்க எங்க நிக்கறீங்க? வெளிய வந்தா எந்தப் பக்கம் வரணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "மழைன்னு சொன்னாங்க, இங்க ஒரு பொட்டு மழை இல்ல. வெயிலு. ஜன்னல்ல பார்த்தா நம்ம ஏர்போர்ட்ல எல்லாம் தமிழ்ல எழுதியிருக்குங்க. நீங்க சொல்லவே இல்லையே?"

"அது சென்னைம்மா" என்றேன்.

"சும்மா இருங்க. விளையாடற நேரமா?" அப்புறம் போனைத் தள்ளிப் பிடித்துக் கேட்பது கேட்டது. "ஏய், இது எந்த ஊருடி?"

பெரியவளின் குரல், "சென்னைதாம்மா. அப்பவே சொன்னாங்க இல்ல? நீதான் கண்ணை மூடிட்டுச் சாமி கும்பிட்டுட்டே இருந்த."

அதைக் கேட்டு நான் வண்டி மேல் சாய்ந்து அழுதேன். நீங்கள் கதையில் அப்பா அழுதார் என்று சொல்கிறீர்களே, அம்மா போனில் கேட்டுச் சொன்ன அந்த அழுகை இதுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. உங்கள் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எண்ணெய் போட்டுட்டுத் திரும்பப் பெங்களூரு போகுமாம். வேணாங்கறவங்க இங்கயே இறங்கிக்கலாமாம். நாலஞ்சு பேர் சத்தம் போட்டுட்டு எழுந்து போறாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நான் இறங்கி ரயில்ல வந்துடட்டுமா? நீங்க ஒண்ணு சொல்லுங்க. எதுன்னாலும் பரவாயில்ல."

மேடத்தைப் பார்த்தேன். போனில் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. "இது நீங்க சொல்ல வேண்டியது அண்ணா" என்றார்.

இறங்கிவிடு என்று நாக்கு நுனியில் இருந்தது. ரயில் தரையில் ஓடுகிறது. நின்றால் விழாது. அதே வானம், அதே மேகம், அதே ரன்வே, திரும்ப எதற்கு? அந்த நேரத்தில் வேறொன்று கேட்கத் தோன்றியது.

"ஓட்டினது யாரு? திரும்ப ஓட்டப் போறதும் அதே ஆளா?"

"என்ன கேள்விங்க இது?"

"கேட்டுச் சொல்லு."

யாரிடமோ கேட்டாள். அரைகுறை இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி. "அதே கேப்டன்தானாம். ஏன்?"

இருபது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன். மழையில் அண்டர்பாஸில் தண்ணீர் நிற்கும். முன்னால் போன வண்டி போய்விட்டது, நானும் போய்விடுவேன் என்று இறக்குகிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைப் பார்த்ததும், பின்னால் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும், உள்ளே இருப்பவர் எவ்வளவு திட்டினாலும், வண்டியைத் திருப்பிச் சுற்று வழியில் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகளை யார் வண்டியில் ஏற்றுவேன் என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தலை மேலே வந்தும், நூற்றைம்பது பேர் வீட்டுக்குப் போகத் துடித்தும், இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காமல் திருப்பிக்கொண்டு போனவர் அந்த ஆள்.

"இறங்காத. உட்காருங்க மூணு பேரும். அவர் வண்டியிலயே வாங்க" என்றேன்.

"சரிங்க" என்றாள். அப்போதும் அவள் குரல் நடுங்கித்தான் இருந்தது.

மேடத்தின் வீட்டிலிருந்து போன் மேல் போன். பிரியாணி கொண்டுவந்த அந்த டிரைவர் நண்பன் வந்து, "மேடத்தை நான் ட்ராப் பண்றேன், நீ இங்கயே இரு குரு" என்றான். போகும்போதுகூட மேடம் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லவில்லை. "வந்ததும் மெசேஜ் போடுங்க. எனக்கும் தெரியணும்" என்றார்.

தனியாக நின்றேன். இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு பயம் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எல்லாரிடமும் பேசிப் பேசிப் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஆப்பும் இல்லை, அம்மா குரலும் இல்லை.

மழை விட்டு வானம் கழுவின மாதிரி இருந்தது. இருட்ட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. திரும்பி வருகிற விமானங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. தூரத்தில் ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. எதில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. அது ஓடி, வேகம் குறைந்து, ஓரமாகத் திரும்பிய பிறகுதான் காலை எடுத்தேன். அப்புறம் அடுத்தது. எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். உங்களுடையதற்கும் அழுத்தியிருப்பேன்.